முதல் நாள் எடுத்த ரத்தம்

ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேடம் மூன்று மாதமாகப் போன் செய்துகொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள், சொல்ல ஆயிரம் இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. மெஷினை எப்படி ஓட்டுவது, பையை எத்தனை டிகிரியில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓட்டிய மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. நான் நல்ல பெயர் வாங்கிய கதைகளை ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசித் தீர்த்துவிட்டார்கள்; அதில் பாதி பொய். எனக்குச் சொல்ல இருப்பது, கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

இப்போது சிங்காநல்லூரில் தனியாக இருக்கிறேன். காலையில் குளத்துப் பக்கம் ஒரு நடை, பிறகு ஒரு ஆளுக்கு மட்டும் சமையல். சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் சாந்தாமணியின் ஞாபகம்தான் வரும். வந்தால் சீக்கிரம் போகாது.

சாந்தாமணிக்கு நாற்பத்து நான்கு வயது. கணவர் வேலுச்சாமி பெரியநாயக்கன்பாளையத்தில் மூன்று லேத் போட்டு பம்புசெட் உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்தவர். சாந்தாமணியின் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. வெள்ளை அணு, சிவப்பு அணு, பிளேட்லெட் எதுவும் உற்பத்தி இல்லை. மஜ்ஜையைத் திரும்ப எழுப்புவதற்கு மருந்து ஆரம்பித்திருந்தார்கள். அது வேலை செய்ய மூன்று மாதம் ஆகும். அதுவரை தலைக்குள் ரத்தம் கசியாமல் அவளைக் காப்பாற்றி வைப்பது எங்கள் வேலை. அதற்குப் பிளேட்லெட் வேண்டும், ஏற்றினால் அது உடம்பில் நிற்கவும் வேண்டும்.

முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படிவத்தை நிரப்பியவள் நான்தான். ரத்த வகை, முன்பு ரத்தம் ஏற்றியது உண்டா, அலர்ஜி உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். குழந்தைகள் எத்தனை என்று கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். "இல்லீங்க" என்றார் வேலுச்சாமி. நான் சட்டென்று 'இல்லை' என்று எழுதி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வரி என்ன தெரியுமா? எத்தனை முறை கருவுற்றார் என்பது. அதில் நானாகவே ஒரு கோடு போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். நம்ம பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கோ சீருக்கோ போனால், பந்தியில் உட்காரும் முன்பே "உங்களுக்கு எத்தன கொழந்தைங்க" என்று ஏழு பேர் கேட்டிருப்பார்கள். எல்லாரும் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு பெண்ணுக்கு அதை நான் செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். என்னுடைய கருணையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மண்ணாங்கட்டி கருணை.

முதல் வாரம் ஏற்றிய பிளேட்லெட் எதுவும் நிற்கவில்லை. காய்ச்சல் இருந்தது, காய்ச்சலில் பிளேட்லெட் சீக்கிரம் அழியும், ஆகவே காய்ச்சலால்தான் என்று எல்லாருமே நினைத்தோம். அந்தச் சமயத்தில்தான் வேலுச்சாமி என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை, ஆளும் திடகாத்திரம். "யாரோட ரத்தமோ எதுக்குங்க மேடம், நான் இருக்கறப்ப?" என்றார். பிளேட்லெட்டைப் பிரித்தெடுக்கிற மெஷின் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். கோயிலில் முடி கொடுத்துவிட்டு வருகிறவர் முகத்தில் இருக்குமே ஒரு திருப்தி, அது இருந்தது. இனிமேல் தன்னுடைய முன்கோபமும் சேர்ந்து அவளுக்குள் போகும், வீட்டில் யார் குரல் ஓங்குகிறது என்று பார்க்கலாம் என்று நர்ஸிடம் கேலி வேறு பேசினார். பத்து நாளில் மூன்று முறை கொடுத்தார். மூன்று பையிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய டாக்டர் ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி. பிளேட்லெட் ஏற்றினால் ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பார், மறுநாள் காலையில் எண்ணி என்ன பிரயோசனம் என்று கத்துவார். மறுநாள் பார்த்தால் காய்ச்சலால் போயிருக்கலாம், மருந்தால் போயிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போனால் உடம்பே அதை அடையாளம் கண்டு தூக்கி எறிகிறது என்று அர்த்தம். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த வழக்கமும் போய்விட்டது. வார்டில் காலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் ரத்தம் எடுப்பார்கள். அதோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டோம். நானும் விட்டுவிட்டேன், நான்கு மாடி ஏறச் சோம்பல்.

மூன்றாவது பை ஏற்றிய அன்று மத்தியானம் எனக்கு என்னவோ மனசு சரியில்லை. நானே மேலே போய், சரியாக ஒரு மணி நேரம் கழித்து அவள் கையில் ரத்தம் எடுத்து வந்து எண்ணினேன். ஏற்றுவதற்கு முன்பு ஐயாயிரம். ஏற்றி ஒரு மணி நேரம் கழித்தும் ஐயாயிரம். மெஷின் பழுதோ என்று மறுபடி ஓட்டினேன், கண்ணாடித் துண்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன். அதே ஐயாயிரம். வேலுச்சாமி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கொடுத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கடந்து போனவர்கள் எல்லாம் என்ன மேடம் என்று கேட்டார்கள். முழங்கால் வலி என்று சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏ, பி, ஓ பொருந்தினால் போதும் என்பது சிவப்பு அணுவோடு முடிந்துவிடும். பிளேட்லெட்டின் மேல் இன்னொரு அடையாளம் இருக்கிறது. கிட்னி மாற்றுவதற்கு முன்பு பார்க்கிறோமே, அதே திசு வகை. பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருவது. பெண் கருவுற்றால் குழந்தையின் உடம்பில் இருக்கிற அப்பாவின் பாதியை அவள் உடம்பு பார்க்கிறது, சில பேருக்கு அதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. மில் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் ஒரு முகத்தை வெளியாள் என்று குறித்துவைத்துக்கொள்கிற மாதிரிதான். பிறகு எத்தனை வருஷம் கழித்து அதே அடையாளத்தோடு பிளேட்லெட் வந்தாலும் அதன் மேல் எதிர்ப்பொருள் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரல் வாரி விழுங்கிவிடும். அதனால்தான் மனைவிக்குக் கணவர் கொடுப்பதில் அவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பது. இதெல்லாம் அன்றைக்கு எனக்கும் தெரியும். ஆனால் படிவத்தில் கோடு போட்டிருந்தேனே.

வேலுச்சாமி டீ குடிக்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்து வார்டுக்குப் போனேன். சாந்தாமணியின் கையெல்லாம் ஊதாப் புள்ளிகள், ஈறில் ரத்தம் உறைந்திருந்தது. ஒரு கண் முழுக்கச் சிவப்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"எத்தன தடவ முழுகாம இருந்தீங்க அம்மணி?"



"நாலுங்கக்கா. ரெண்டு மூணாம் மாசத்துலயே போயிருச்சுங்க. ரெண்டு ஏழாம் மாசம். அதுல ஒண்ணு அழுதுச்சுங்க."

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. அவளே சொன்னாள். "கொழந்த இருக்கான்னு கேட்டீங்க, இல்லீன்னோம். வந்துட்டுப் போனவீங்களப் பத்தி யாரும் கேக்கலீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. இருபது வருஷமாக யாராவது கேட்பார்களா என்று பார்த்துவிட்டு, அந்த எதிர்பார்ப்பையும் விட்டுவிட்டவள் மாதிரி சொன்னாள். நான் அவளுடைய போர்வையைச் சரி செய்தேன்.

அந்தச் சிடுமூஞ்சி டாக்டர் விட்டுப்போன வழக்கங்களில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. நீண்ட நாள் இருக்கப்போகிற நோயாளி என்றால் முதல் நாள் எடுத்த ரத்தத்தில் ஒரு குப்பி ஃப்ரீசரில் கிடக்கும். இடத்தை அடைக்கிறது என்று நானே பல முறை முணுமுணுத்திருக்கிறேன். கிட்னி மாற்றுப் பிரிவில் திசு வகை பார்க்கும் லேப் இருந்தது. கணவன், மனைவி இருவருடைய திசு வகையையும், அவளுடைய அன்றைய ரத்தத்தையும், முதல் நாள் குப்பியையும் அங்கே கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. வேலுச்சாமியின் நான்கு அடையாளங்களுக்கும் அவள் உடம்பில் எதிர்ப்பொருள் இருந்தது. அதே அடையாளங்கள் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு, முதல் வாரம் மற்றவர்கள் கொடுத்ததும் அதனால்தான் நிற்கவில்லை. முதல் நாள் குப்பியில் கொஞ்சமாக. மூன்று பைகளுக்குப் பிறகு ஏகமாக. அவர் ஆசையாக உட்கார்ந்து கொடுக்கக் கொடுக்க, நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப அனுப்ப, அவள் உடம்பு இன்னும் உஷாராகிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

வேலுச்சாமியிடம் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் நான் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். வராந்தாவில் டிபன் கேரியரோடு நின்றிருந்தார். அவருடையது இனி வேண்டாம், ஏற்றவே கூடாது என்றேன்.

"அவ ஒடம்பு என்னயத்தான் வேண்டாங்குதுங்களா?"

"உங்களை இல்லீங்க. உங்க கொழந்தைங்கள அது மறக்கலீங்க. நாலு பேரு வந்தாங்களே, அப்பக் குறிச்சு வெச்சுக்கிட்டது."

அவர் குழாயடிக்குப் போய் டிபன் கேரியரைக் கழுவ ஆரம்பித்தார். ஒவ்வொரு கிண்ணமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடும் வரைக்கும் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. பதினெட்டுப் பேர், எல்லாரும் வேலுச்சாமியின் பங்காளிகள். "எல்லாம் ஒரே ரத்தமுங்க மேடம், எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல மனுஷர்கள். அவருடைய ரத்தத்துக்குப் பக்கத்து ரத்தம்தான் இங்கே ஆகாது என்று அந்தப் பதினெட்டுப் பேருக்கும் விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கை வைத்தியம் சொல்கிற மாதிரி ஒருவர், அவளுடைய தாய்மாமனிடம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் பக்கத்துச் சொந்தம் என்றால் பொருந்தலாம், ஆனால் அதுதான் கஷ்டம். சாந்தாமணிக்கு அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவள் பக்கம் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.

அப்போதுதான் கிட்னி பிரிவின் பழைய ஃபைல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சொந்தக்காரர்களுக்குக் கிட்னி கொடுக்க வந்து, திசு வகை பார்த்து, ஏதோ காரணத்தால் கொடுக்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய திசு வகை எல்லாம் அங்கே தூசி தின்றுகொண்டிருந்தது. தலைமை டாக்டரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். சாந்தாமணியின் எதிர்ப்பொருள் தொடாத ஆள், அவளுடைய ரத்த வகை, கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கலாம் என்பதால் ஆணாக இருந்தால் நல்லது. மூன்று பேர் தேறினார்கள். ஒருவர் துபாயில். ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மூன்றாமவர் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க எல்லாம் தயாராகி, தேதி குறித்த பிறகு அண்ணன் இறந்துபோனவர்.

போனில் விஷயத்தைச் சொன்னேன்.  துக்கத்தைக் கிளறிவிட்டோமோ என்று வைத்துவிடப் பார்த்தேன்.

"குடுக்கறேன்னு போயி சும்மா திரும்பி வந்தவனுங்க நான். எப்ப வரோணும்னு மட்டும் சொல்லுங்க," என்றார்.

வந்தார். ஒன்பது வாரம் வந்தார். ஒரு தடவை தோப்பில் யானை இறங்கி ராத்திரி முழுக்கத் தூங்காமல் கண் சிவந்து வந்து நின்றபோது, எடுக்க மாட்டேன், போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அன்று சாந்தாமணிக்கு நான்காயிரம்தான் இருந்தது. கொடுக்கிறவரும் நோயாளிதான் நமக்கு, அவரையும் பார்க்க வேண்டும் என்று வாய் கிழியப் பேசுகிறோமே, அதை அந்த நிலைமையில் செய்து பாருங்கள்.  மறுநாள் தூங்கி எழுந்து வந்து கொடுத்தார்.

அவருடைய முதல் பை ஏறி ஒரு மணி நேரம் கழித்து எண்ணினேன். முப்பத்திரண்டாயிரம். மறுநாள் இருபத்தாறாயிரம். நின்றது. ஈறில் ரத்தம் நின்றது, கண்ணின் சிவப்பு வடிந்தது. சாந்தாமணி ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டாள். வேலுச்சாமி ஒவ்வொரு முறையும் மெஷின் அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெஞ்சில் உட்காருங்கள் என்றால் உட்காரமாட்டார். யார் கொடுக்கிறார் என்று சொல்லக்கூடாது என்பது விதி. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஆனால் தோப்புக்காரர் முடித்து வெளியே வரும்போது இவர் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் உங்களுக்கும் எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் மஜ்ஜை எழவில்லை. தோப்புக்காரர் வர ஆரம்பித்த பத்தாவது வாரம் சாந்தாமணிக்கு நுரையீரலில் பூஞ்சைக் கிருமி பிடித்தது. எதிர்க்க வெள்ளை அணு இல்லை. ஐந்து நாளில் சாந்தாமணி போய்விட்டாள். ரத்தம் கசிந்து அவள் சாகவில்லை, எங்கள் வேலையில் குறை இல்லை, முன்னமே கண்டுபிடித்திருந்தாலும் இது இப்படித்தான் முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். இருக்கலாம். அந்த மூன்று வாரம் வாயில் ரத்தத்தோடு படுத்திருந்தாளே, அது என்னுடைய கோட்டால்தான். இதை யாரிடம் சொன்னாலும் "அப்படி நினைக்காதீங்க மேடம்" என்றுதான் பதில் வருகிறது. அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து வேலுச்சாமி வந்தார். மொட்டைத் தலை, கழுத்து எலும்பு தெரிந்தது. சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். முதல் நாள் படிவத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டேன், கேட்டிருந்தால் உங்களிடம் எடுத்திருக்க மாட்டேன், தப்பு என்மேல் என்று. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நோயாளி வீட்டாரிடம் அப்படிச் சொன்னது அது ஒன்றுதான்.

அவர் தலையை ஆட்டினார். "நீங்க கேட்டிருந்தாலும் என்ற முன்னால சொல்லியிருக்க மாட்டாளுங்க. ஊட்ல நாங்க அதப் பேசறதில்லீங்க." பிறகு கேட்டார். "ஏனுங் மேடம், அந்த மொத நாள் ரத்தத்துல பாத்தீங்களே, அந்தக் காயிதம் ஒண்ணு எனக்குக் கெடைக்குமுங்களா?"

எதற்கு என்று கேட்டேன். கேஸ் போடவோ என்று ஒரு கணம் நினைத்ததை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"எங்க கொழந்தைங்க இருந்தாங்கன்னு காட்ட வேற ஒரு காயிதமும் இல்லீங்க."

நகல் எடுத்து, சீல் வைத்து, அவர் முன்னால் வைத்தேன். எது என்று கேட்டார். அவருடைய நான்கு அடையாளங்களுக்கான எண்களையும் விரலால் காட்டினேன். ஒரு குழந்தைக்கு உங்களிடமிருந்து இந்த நான்கில் பாதிதான் போகும்; இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், அது ஒரு குழந்தையிடமிருந்து. இந்த இரண்டும் இன்னொன்றிடமிருந்து. உங்களுடைய பிளேட்லெட் அவள் உடம்பில் போவதற்கு முன்பே எடுத்த ரத்தம் இது, அதனால் இது அந்தக் குழந்தைகளால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது இரண்டு பேர் என்று இதை வைத்துச் சொல்லலாம், அதற்கு மேல் இதில் தெரியாது என்று விளக்கினேன்.

வேலுச்சாமி காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அவ பேரு வெச்சிருந்தாளுங்க. ஆசுபத்திரில படுத்திருக்கறப்பத்தான் எனக்கே சொன்னா. இதுல எழுதிக்கலாங்களா?"

நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். லேத்தில் வேலை செய்த தடித்த விரல்கள். எழுத்து மெதுவாக வந்தது. ரிப்போர்ட் சாட்சி சொன்னது இரண்டு பேருக்கு. அவர் நான்கு பெயர் எழுதினார்.